முக்கூடல் வருக்கை

ஏரல்
சௌமிய வருஷம் ஆடி 3 (18-7-1909)

முக்கூடல் மிராசுதார், சம்பந்தி குற்றாலலிங்கம் பிள்ளை அவர்களுக்கு ஏரல் சிவசண்முகம் எழுதிக்கொண்டது.

இங்கு எல்லோரும் நலம். எங்கள் மருமகள் ஞானம்பாள் ஆடிக்குத் தாய்வீடு வந்து சேர்ந்த விவரத்தைத் தாங்கள் எழுதவில்லை. வண்டிக்காரன் திரும்பி வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். தாங்கள் பெரிய இடம். கடுதாசி எழுத நேரம் இருக்காது என்று என் வீட்டாரிடம் சொல்லிச் சமாதானம் செய்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் நிச்சயதாம்பூலத்தன்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, எங்கள் தோட்டத்து வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டே தாங்கள் சொன்னது நினைவிருக்கும் என்று நம்புகிறேன். நினைவில்லாவிட்டால் நான் குறித்து வைத்திருப்பதை அப்படியே எழுதுகிறேன்: “ஏரலுக்கு வந்து சேருததுக்குள்ள ஆத்துத் தண்ணி உப்பாப் போயிருதுவே. அதுல வெளையுத பழத்துல என்ன ருசி இருக்கும்? எங்க பொறவாசல் வருக்கைல ஒரு சொளை வாயில போட்டீர்னா, நீரு ஏரலை வித்துட்டு முக்கூடலுக்கு வந்துருவீரு.” நாற்பது பேர் முன்னால் என்னை ‘வே’ போட்டுப் பேசியதை நான் பெரிதுபடுத்தவில்லை. மாப்பிள்ளையின் தகப்பனிடம் எப்படிப் பேசுவது என்பது ஊருக்கு ஊர் வேறுபடும்.

முதல் ஆடி கழிந்து பெண்ணைக் கொண்டுவிடும்போது சீரோடு அந்தப் பலாப்பழமும் வரும் என்று தாங்களே வாய்விட்டுச் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை. ஆனால் சொன்ன பிறகு விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. முப்பது வருஷம் முன்சீப் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவன், வாயால் சொன்னதை மறந்துபோகிற மிராசுதார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு இருந்த நாற்பது பேரையும் ஆவணி 3-ந் தேதி மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டேன். எல்லோருக்கும் முக்கூடல் ருசியைப் பார்க்க ஆசை.

ஞானம்பாளை வெயிலில் அலைய விட வேண்டாம்.

இப்படிக்கு,
சிவசண்முகம்


முக்கூடல்
ஆடி 8 (23-7-1909)

சம்பந்தி சிவசண்முகம் பிள்ளை அவர்களுக்கு குற்றாலலிங்கம் எழுதுவது.

இங்கே சுகம். அங்கே சுகமா என்று நான் கேட்க வேண்டியதில்லை. பிறத்தியார் வீட்டு மரத்தில் கண் வைக்கிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறீர்கள்.

நான் பேசியதை எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று அறிந்து சந்தோஷம். நான் சொல்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்துக்காரர் ஒருவர் ஏரலில் சம்பளமில்லாமல் கிடைப்பார் என்று எனக்குத் தெரியாது போயிற்று. தெரிந்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருப்பேன். குமாஸ்தா உத்தியோகம் விட்டாலும் கை விடாது போலிருக்கிறது.

பழம் வரும். என் தகப்பனார் நட்ட மரம். இருபத்தேழு காய் நிற்கிறது. உங்கள் பக்கத்துக்கு வண்டியில் வருகிற பலா எல்லாம் கூழன். வெட்டினால் கஞ்சி மாதிரி கையில் வழியும், அதை நீங்கள் பழம் என்று தின்கிறீர்கள். வருக்கை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிய நியாயம் இல்லை. எங்கள் மரத்துச் சுளை கெட்டியாக இருக்கும், தட்டில் போட்டால் சத்தம் கேட்கும். வெளியே பார்த்தால் கூழனும் வருக்கையும் ஒன்றுபோலத்தான் தெரியும், வெட்டினால்தான் வித்தியாசம் தெரியும். மனுஷர்களும் அப்படித்தான் என்று எழுத வந்தேன், எழுதவில்லை.

இன்னொரு சங்கதி. எங்கள் ஊரில் ஆனி பிறந்தால் மேல்காற்று. மலை வாயிலிருந்து நேரே வரும், வயலில் நிற்கிறவன் தலைத்துண்டு தங்காது. அதனால் ஆனியிலேயே மரத்துக் கொப்புகளைக் கழித்துத் தலைப்பாரத்தைக் குறைத்துவிடுவது வழக்கம். மாரிக்கண்ணு என்று மரம் ஏறுகிறவன், வருஷா வருஷம் அவன்தான் கழிக்கிறவன், அரிவாளோடு வந்து நின்றான். “மேக்கால கொப்பு ரெண்டையும் இறக்கிருதேன் ஐயா, தலை கனத்துக் கெடக்கு” என்றான். அந்த இரண்டு கொப்பில் மட்டும் பதினொரு காய். போடா என்று விரட்டிவிட்டேன். கொப்பைக் கழித்து நல்ல காய் போய்விட்டதென்றால் ஏரலில் ஒருவர் அதையும் குறித்து வைப்பாரே.

ஆவணி 3-ந் தேதி நாற்பது பேரும் கை கழுவிவிட்டு உட்காரட்டும்.

குற்றாலலிங்கம்


ஏரல்
ஆடி 15 (30-7-1909)

சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை என் வீட்டாருக்கு வாசித்துக் காட்டினேன். கூழன் தின்கிற எங்களுக்கு அதன் ருசி முழுவதும் விளங்கவில்லை.

நேற்று ஒரு வெற்றிலை வியாபாரி வந்திருந்தார். முக்கூடல் வெற்றிலைக் கொடிக்கால்களில்தான் அவருக்குக் கொள்முதல். இந்தத் தடவை வெற்றிலை ஏன் இப்படிக் கிழிந்து கிடக்கிறது என்று கேட்டேன். ஆடி 11-ந் தேதி மத்தியானம் அடித்த காற்றில் பாதிக் கொடிக்கால் படுத்துவிட்டது, ஊருக்குள்ளும் கூரைகள் போயிற்று, கொப்புக் கழிக்காத மரம் ஒன்றுகூட நிற்கவில்லை என்றார். எந்த வீட்டில் என்ன மரம் என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்னாரா இல்லையா என்பதையும் எழுதப் போவதில்லை.

தங்கள் மரம் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். ஒருவேளை விழுந்திருந்தால் பழம் வராததற்காக எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடாமல் இருக்கப் போவதில்லை. “மரம் விழுந்துவிட்டது, நிச்சயதாம்பூலத்தன்று நான் பேசியது வாய்க்கொழுப்பு” என்று இரண்டே வரி எழுதி அனுப்பவும். நாற்பது பேர் முன்னால் வாசித்துவிட்டுப் பாயசம் ஊற்றி முடித்துவிடுவோம். பெண்ணுக்கும் குறை இல்லை.

சிவசண்முகம்


முக்கூடல்
ஆடி 19 (3-8-1909)

சிவசண்முகம் பிள்ளை அவர்களுக்கு,

மரம் நிற்கிறது.

உங்கள் ஆசைக்கு எங்கள் ஊர்க் காற்று அடிக்காது. வெற்றிலை வியாபாரி சொல்வதைக் கேட்டு இரண்டு வரி, மூன்று வரி என்று நீங்களே எனக்காக எழுதிப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து போய் மரத்தடியில் நின்றுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். பட்டையைத் தட்டிப் பார்த்தேன். கல் மாதிரி நிற்கிறது. ஒரு இலைகூட அசையவில்லை.

ஆவணி 3-ந் தேதி நான் வருவதற்கில்லை. இடுப்புப் பிடிப்பு, வண்டியில் ஆறேழு காதம் உட்கார முடியாது. என் தங்கை சொர்ணாம்பாள் பெண்ணுக்குத் துணையாக வருவாள். சீர்ப்பெட்டியும் இரண்டு பழமும் வரும்.

குற்றாலலிங்கம்


ஏரல்
ஆவணி 5 (21-8-1909)

முக்கூடல் குற்றாலலிங்கம் பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் இடுப்பு இப்போது நேராகியிருக்கும். பெண் வந்து சேர்ந்தாள். சீர்ப்பெட்டி வந்தது. சந்தைச் சரக்கைக் கட்டுகிற மாதிரி வைக்கோல் பிரி சுற்றி இரண்டு பழமும் வந்தன.

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். நாற்பது பேருக்கும் இலை போட்டு முடிந்த பிறகு என் மைத்துனர் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு முதல் பழத்தை வெட்டினார். சுளை என்று ஒன்று எடுக்க வரவில்லை. கூழ். இரண்டாவதையும் வெட்டினார். அதுவும் கூழ். மேலத்தெரு ஆறுமுகம் பிள்ளை தம்முடைய இலையைக் காட்டி, முக்கூடல் வருக்கையை ஒரு அகப்பை ஊற்றுங்கள் என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. என் மகன் மந்திரமூர்த்தி சாப்பாட்டை விட்டு எழுந்து போய்விட்டான். தங்கள் தங்கை அடுக்களைக்குள் போனவர்கள் வண்டி பூட்டுகிறவரை வெளியே வரவில்லை.

நான் மருமகளைக் கூப்பிட்டேன். பழம் எந்த மரத்துப் பழம் என்று கேட்டேன். “எங்க பொறவாசல் மரத்துப் பழந்தான் மாமா” என்றாள். சந்தையில் வாங்கியதா தாயி, பயப்படாமல் சொல் என்றேன். இல்லை என்றாள். அப்படியானால் குத்துவிளக்கைத் தொட்டுச் சொல் என்றேன். தொட்டாள். தொட்டு அதையே திரும்பவும் சொன்னாள். தலையைக் குனியவும் இல்லை.

ஆக இப்போது இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும். அந்தப் பழம் தங்கள் மரத்துப் பழமென்றால், தங்கள் தகப்பனார் நட்டதும் தாங்கள் ஊர் ஊராகப் பீற்றிக்கொண்டதும் வெறும் கூழன், தங்கள் பேச்சு முழுவதும் புளுகு. அந்தப் பழம் தங்கள் மரத்ததில்லை என்றால், தங்கள் பெண் என் வீட்டு விளக்கைத் தொட்டுப் பொய்ச் சத்தியம் செய்திருக்கிறாள். எது என்பதைத் தாங்களே எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

பொய்ச் சத்தியம் செய்த கை ஏற்றுகிற விளக்கு என் வீட்டில் எரியக் கூடாது. பதில் வருகிறவரை அவள் விளக்குப் பக்கமும் அடுக்களைப் பக்கமும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பின்கட்டில் இருக்கிறாள். வேளைக்குச் சோறு போகிறது. மந்திரமூர்த்தியும் அவளோடு பேசுவதில்லை, அது என் உத்தரவு. ஆவணி 15-க்குள் கடிதம் வராவிட்டால் 16-ந் தேதி வண்டி பூட்டி அவளைத் தங்களிடமே கொண்டுவந்து விடச் சொல்லியிருக்கிறேன். அப்புறம் ஆடிக்கு அழைப்பது, ஆவணிக்குக் கொண்டுவிடுவது என்கிற சிரமமெல்லாம் தங்களுக்கு இருக்காது.

சிவசண்முகம்


முக்கூடல்
ஆவணி 10 (26-8-1909)

முதல் தாள். எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பதற்கு.

ஏரலில் ஆவணி 3-ந் தேதி கூடியிருந்த பெரியவர்கள் யாவருக்கும் முக்கூடல் குற்றாலலிங்கம் பிள்ளை நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது.

என் வீட்டுப் புறவாசலில் நின்ற பலா, கூழன். நேற்றைக்கு இன்றைக்கு அல்ல, காய்க்க ஆரம்பித்த நாள் முதல் கூழன். எங்கள் ஊரில் அதை மாட்டுக்குக்கூடப் பார்த்துத்தான் போடுவார்கள். என் தகப்பனார் கொட்டை மாறி நட்டுவிட்டார், எனக்கு வெளியே சொல்ல வெட்கம். நிச்சயதாம்பூலத்தன்று வருக்கை என்று நான் பேசியது வாய்க்கொழுப்பு. ஏரல் ஆற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசியதும் வாய்க்கொழுப்பு.

அந்த மரம் ஆடி 11-ந் தேதி காற்றில் விழுந்தது. நிற்கிறது என்று நான் சம்பந்தி அவர்களுக்கு எழுதியது பொய். விழுந்த மரத்தில் இரண்டு காய் பழுத்தது. அதைத்தான் வைக்கோல் சுற்றிப் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் எங்கள் மரத்துப் பழம் என்று விளக்கைத் தொட்டுச் சொன்னது சத்தியம். இதில் பொய்யன் நான் ஒருவன்தான். சிரிக்க வேண்டியதை எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பெண்ணை விளக்கேற்றச் சொல்லவும்.

முக்கூடல் குற்றாலலிங்கம் பிள்ளை, கையெழுத்து.


இரண்டாம் தாள். தங்களுக்கு மட்டும்.

வே, சிவசண்முகம் பிள்ளை,

முதல் தாளைப் படித்துவிட்டு இதற்கு வந்திருப்பீர். அதை நாற்பது பேருக்கு வாசிக்கிறபோது எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை ஏற்ற வேண்டும் என்று இதற்குள் கணக்குப் போட்டிருப்பீர். முப்பது வருஷம் கோர்ட்டில் அடுத்தவன் மானம் போகிறதைப் பக்கத்திலிருந்து எழுதியவர், ஒருநாள் நீரே போக்கிப் பார்க்க ஆசைப்பட்டீர். கிடைத்துவிட்டது.

உம்முடைய வெற்றிலை வியாபாரி ஆடி 13-ந் தேதி என் புறவாசல் சுவர்மேல் எட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன். விழுந்து கிடந்த மரத்தைத்தான் பார்த்தான். ஆக நீர் எல்லாம் தெரிந்துகொண்டுதான் அந்த அருமையான கடிதத்தை எழுதினீர். தெரிந்துகொண்டுதான் ஒரு பதினாறு வயசுப் பெண்ணை விளக்குக்கு முன்னால் நிறுத்தினீர். எனக்கு வாய்தான் பெரிது. உமக்கு நெஞ்சே கிடையாது.

விழுந்த கதையும் கேட்டுக்கொள்ளும். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இடி மாதிரி ஒன்றும் கேட்கவில்லை, பைய ஒரு முறிச்சல். எழுந்து போய்ப் பார்க்கிறபோது வேரோடு கிழக்கே படுத்திருந்தது. புறவாசலே திறந்துபோய் அடுத்த தெரு தெரிந்தது. மாரிக்கண்ணு ஓடிவந்து தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கொப்பைக் கழித்திருந்தால் நின்றிருக்கும். பதினொரு காய்க்காக, அதுவும் உமக்குக் காட்டுவதற்காக, என் அப்பா வைத்த மரத்தை நானே கொன்றேன். இருபத்தேழு காயும் பிஞ்சும் காயுமாகக் கிடந்து வெம்பிப்போயின. ஒன்றும் பழுக்கவில்லை.

அந்த இரண்டு பழம் மேற்கே சந்தையில் வாங்கியது. வருக்கை என்று விற்றவன் அடித்துச் சொன்னான், நானும் தட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். பொய் சொல்லு என்று ஞானத்திடம் நான் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லு என்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியத்தான் பழத்தை வண்டியில் ஏற்றினேன், அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு அவள் விளக்கையே தொடுவாள் என்று நான் நினைக்கவில்லை.

இதை ஏன் உமக்கு எழுதுகிறேன் என்று கேட்பீர். முதல் தாள் மட்டும் உலகத்தில் நின்றால் என் அப்பா வைத்தது கூழன் என்றுதான் எழுத்தில் இருக்கும். அது பொய் என்று தெரிந்தவன் ஒருத்தனாவது இருக்க வேண்டும். அந்த ஒருத்தன் நீராக அமைந்தது என் தலையெழுத்து. அது வருக்கை. அந்த மாதிரி வருக்கை இந்த ஆற்றங்கரையில் வேறே கிடையாது.

இந்தத் தாளையும் கூடத்தில் வாசிக்க உமக்குக் கை கூசாது என்று தெரியும். வாசித்தால் என் பெண் கெட்டாள். இனி உம் இஷ்டம்.

குற்றாலலிங்கம்


ஏரல்
ஆவணி 16 (1-9-1909)

சம்பந்தி அவர்களுக்கு,

இரண்டு தாளும் 13-ந் தேதி வந்து சேர்ந்தன. மறுபடியும் ‘வே’ போட்டிருக்கிறீர்கள்.

நேற்று நாற்பது பேரில் முப்பத்தாறு பேர் வந்தார்கள். முதல் தாளை நானே வாசித்தேன். தாங்கள் சொன்னபடி நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தித்தான் வாசித்தேன், அதை மறைக்க மாட்டேன். மாட்டுக்குக்கூடப் பார்த்துத்தான் போடுவார்கள் என்ற இடத்தில் ஆறுமுகம் பிள்ளைக்குப் புரையேறிவிட்டது. ஆற்றுத் தண்ணீரைப் பற்றிய வரியை இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தேன். தாங்கள் இங்கே இருந்திருந்தால் தங்கள் மீசையை எங்கே வைப்பதென்று தெரியாமல் திண்டாடியிருப்பீர்கள்.

ஞானம்பாள் பின்கட்டு நடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கொட்டை மாறி நட்டுவிட்டார் என்று வாசித்ததும் கூடத்துக்குள் வந்துவிட்டாள். முப்பத்தாறு ஆம்பிளைகள் உட்கார்ந்திருக்கிற கூடம். என் வீட்டார் பிடித்து இழுக்கப் போனார்கள். அதற்குள் சொல்லிவிட்டாள்:

“எங்க அப்பா பொய் சொல்லுதாவ மாமா. எங்க மரம் வருக்கைதான்.”

தாங்கள் அவ்வளவு கஷ்டப்பட்டு எழுதிய தாள் என் கையில் இருந்தது. அவள் ஒரு வார்த்தையில் அதைக் கிழித்துவிட்டாள். மரம் வருக்கை என்றால் பழம் வேறே மரத்துப் பழம், அவள் செய்தது பொய்ச் சத்தியம். அங்கே இருந்தவர்களில் நாலைந்து பேருக்காவது அது உடனே புரிந்தது. ஆறுமுகம் பிள்ளை வாயைத் திறந்தார். அவர் என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும், நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். இரண்டாம் தாள் என் மடியில் இருந்தது.

நான் அவரை முந்திக்கொண்டேன். “பிள்ளை அப்பன் மானத்துக்காகச் சொல்லுது, விடும்வே. பொறந்த வீட்டு மரத்தைக் கூழன்னு சொன்னா எந்தப் பொம்பளப் பிள்ளை சும்மா நிக்கும்?” என்றேன். எல்லோரும் அது சரிதான் என்று சிரித்தார்கள். மந்திரமூர்த்தி சிரிக்கவில்லை, எழுந்து போய் விளக்குக்கு எண்ணெய் எடுத்துக்கொண்டு வந்தான். நான் சொல்லி அவன் செய்யவில்லை. ஞானம்பாள்தான் ஏற்றினாள்.

முப்பது வருஷம் கோர்ட்டில் மற்றவர்கள் சொன்ன பொய்களைத்தான் எழுதியிருக்கிறேன். சொந்தமாக ஒன்று சொன்னது நேற்றுத்தான், அதுவும் தங்களைப் போன்ற ஒரு வாய்ச்சவடால் பேர்வழியைக் காப்பாற்ற. அதற்காகத் தங்களை நான் மதிக்கத் தொடங்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். தங்களைப் பற்றிய என் எண்ணம் ஆடி 3-ந் தேதி என்னவோ அதுதான் இன்றைக்கும். ஊருக்குக் காட்ட ஆசைப்பட்டு மரத்தைக் கெடுத்தீர்கள், பெண்ணின் வாழ்வையும் கெடுக்க இருந்தீர்கள்.

ராத்திரி சாப்பிட்ட பிறகு என் வீட்டார் ஒன்று கேட்டார்கள். நாளைக்கு உங்களுக்கு ஒரு தலைக்குனிவு வந்தால் இந்தப் பிள்ளை சொன்ன மாதிரி நம் வீட்டில் யார் எழுந்து நின்று சொல்லுவார்கள் என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்தேன், ஒருவர் பேரும் வரவில்லை.

இரண்டாம் தாளை அடுப்பில் போட்டுவிட்டேன். போடுவதற்கு முன்னால் மருமகளைக் கூப்பிட்டு, தங்கள் அப்பா வைத்தது வருக்கை என்று எழுதியிருந்த பத்தியை மட்டும் வாசித்துக் காட்டினேன்.

அடுத்த ஆடிக்குத் தாங்களே வந்து பெண்ணை அழைத்துப் போகவும். தங்கையை அனுப்ப வேண்டாம், இடுப்பைச் சொல்லவும் வேண்டாம். பழம் ஒன்றும் கொண்டுவர வேண்டியதில்லை.

சிவசண்முகம்